ஹிட்டான பிராங்க் படத்துக்கு அடுத்த படம்: 'புரூனோ' செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு விருந்து. மேஜையைச் சுற்றி மரியாதைக்குரிய மனிதர்கள். கஜகஸ்தானிலிருந்து வந்த டிவி நிருபர் என்று அறிமுகமான போரட் (நடிகர் சச்சா பேரன் கோஹன் போட்ட வேஷம், விருந்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது), பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்து போகிறார். அவர் இல்லாத நேரத்தில், 'நல்ல மனுஷன்தான், சீக்கிரமே அமெரிக்கராக மாறிவிடுவார்' என்று பேசிக்கொள்கிறார்கள். அவரோ தன் மலத்தை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்து, இதை எங்கே வைப்பது என்று கேட்கிறார். வீட்டுக்கார அம்மா அருவருப்பை விழுங்கிக்கொண்டு, அவரைத் திரும்ப மாடிக்கு அழைத்துப் போய்ப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். அதன் பிறகு போரட்டின் விருந்தாளியாக ஒரு கறுப்பினப் பாலியல் தொழிலாளி உள்ளே வருகிறார் (அவர் நடிகை, அது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது). விருந்து அத்தோடு முடிந்தது. மலத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பெண்ணைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2006-இல் வந்த 'போரட்' ஏன் உலகம் முழுக்க 26 கோடி டாலருக்கு மேல் அள்ளியது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். படத்தின் செலவு சுமார் 1.8 கோடி டாலர்தான். 2009 ஜூலையில் அதே சச்சா பேரன் கோஹன், அதே இயக்குநர் லாரி சார்லஸ் கூட்டணியில் 'புரூனோ' வந்தது. கதைப்படி இரண்டாம் பாகம் இல்லை, ஆனால் பாணி அதேதான். நாயகன் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபேஷன் டிவி தொகுப்பாளர், தன்பாலின ஈர்ப்பாளர், எப்படியாவது பிரபலமாகிவிடத் துடிப்பவர். வெள்ளிக்கிழமை அமெரிக்கத் தியேட்டர்களில் கூட்டம் அலைமோதியது. சனிக்கிழமையே வசூல் சரிந்தது. இரண்டாவது வார இறுதியில் வந்த பணம், முதல் வார இறுதியில் வந்ததில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். படம் பார்த்தவர்கள் வெளியே வந்து நண்பர்களிடம் நல்லதாகச் சொல்லவில்லை.

முதல் தவறு, என் பார்வையில் பெரிய தவறு: அதிர்ச்சிதான் படத்தை ஓட்டியது என்று நினைத்துக்கொள்வது. அலபாமா காட்சியில் பையைக் கொண்டுவருவது வெறும் தூண்டில். மாட்டுகிற மீன், எதிரே இருக்கிறவர் செய்வதும் சொல்வதும். 'புரூனோ'வில் அரசியல்வாதி ரான் பாலை ஓட்டல் அறைக்கு வரவழைத்து, மயக்கப் பார்த்து, கடைசியில் பேன்ட்டைக் கழற்றுகிறார்கள். அவர் கோபத்தோடு எழுந்து போகிறார், போகும்போது ஒரு வசைச்சொல்லும் வருகிறது. அவ்வளவுதான். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் எழுந்துதான் போவார்கள். எழுந்து போகிறவரைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை.

அதே படத்தில் சரியாகச் செய்த இடமும் உண்டு. போட்டோ ஷூட்டுக்குக் குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் புரூனோ ஒவ்வொன்றாகக் கேட்கிறார். குழந்தையைச் சுற்றித் தேனீ, குளவி எல்லாம் இருந்தால் பரவாயில்லையா? பரவாயில்லை. ஒரே வாரத்தில் பத்து பவுண்ட் எடை குறைக்க முடியுமா? முயற்சி செய்யலாம். கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன்? அதற்கும் சம்மதம். இங்கே அவர் குரலைக்கூட உயர்த்துவதில்லை. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். பார்க்கிற நமக்கு வயிறு கலங்குகிறது. பிராங்க் எடுக்கிற தம்பி தங்கைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நீங்கள் கத்தினால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்வார்.

அடுத்தது, தெரிந்த முகம். யாருக்கும் தன்னைத் தெரியாது என்பதுதான் பிராங்க் எடுப்பவரின் ஆயுதம், முதல் படம் ஹிட்டானதுமே அது மழுங்கிவிட்டது. வேஷத்தை மாற்றினால் மட்டும் போதாது. 2020-இல் போரட்டின் இரண்டாம் படம் எடுத்தபோது இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். தெருவில் ஜனங்கள் போரட்டை அடையாளம் கண்டு துரத்துவதையே கதையில் வைத்தார்கள், அவர் வேறு வேறு வேஷத்துக்குள் ஒளிந்துகொண்டார். ஜனங்களை ஏமாற்றும் பாரத்தைத் தூக்கச் சொன்னது அமெரிக்காவில் யாருக்கும் தெரியாத பல்கேரிய நடிகை மரியா பகலோவாவை. நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானியின் எதிரே உட்கார்ந்தது அவர்தான். ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்கே கிடைத்தது.

விளம்பரத்துக்காகப் போலி பிராங்க் செய்வதையும் தவிருங்கள். 'புரூனோ' வருவதற்கு ஆறு வாரம் முன்பு, எம்டிவி விருது விழாவில் மேலிருந்து கயிற்றில் இறங்கிய புரூனோ, ராப் பாடகர் எமினெமின் மடியில் போய் விழுந்தார். எமினெம் கோபமாக வெளியேறினார். பிறகு, ஒத்திகை பார்த்துச் செய்ததுதான் என்று எமினெமே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பார்வையாளர் தியேட்டரில் ஒவ்வொரு காட்சியிலும் யார் நடிக்கிறார் என்றுதான் தேடுவார். 'போரட்'டிலும், போரட் தூக்கிக்கொண்டு போக முயலும் நடிகை பமீலா ஆண்டர்சனுக்கு விஷயம் முன்பே தெரியும். ஆனால் அந்தக் காட்சி படத்தின் கடைசியில், நாம் முழுசாக நம்பிவிட்ட பிறகு வருகிறது.

யாரைக் குறிவைக்கிறோம் என்பதில் இரண்டு படங்களுமே சறுக்கியிருக்கின்றன. ருமேனியாவின் குளோட் கிராமத்து ஏழை ஜனங்களைப் போரட்டின் சொந்த ஊர்க்காரர்களாகக் காட்டி 'போரட்' கேலிக்காக எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 'புரூனோ' ஒரு பாலஸ்தீனக் கடைக்காரரைத் தீவிரவாதி என்று காட்டியது. அவர் வழக்குப் போட்டார், பின்னால் சமரசத்தில் முடிந்தது. பல காட்சிகளில் சிரிப்பு, வெறுக்கிறவர்களை விட்டுவிட்டுப் புரூனோவின் மீதே திரும்பிவிடுகிறது. ஒருவருடைய பாலின ஈர்ப்பே நகைச்சுவை என்று தோன்றும்படி எடுத்தால், எந்த வெறுப்பை அம்பலப்படுத்தக் கிளம்பினோமோ அதற்கே தீனி போட்டதாகிவிடும்.

இவ்வளவு சொன்னாலும் உச்சக்கட்டக் காட்சிக்காக அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். அர்கன்சாஸில் கூண்டுச் சண்டை என்று விளம்பரம் செய்து கூட்டம் சேர்க்கிறார்கள். கூண்டுக்குள் புரூனோவும் உதவியாளரும் சண்டை போட ஆரம்பித்து, திடீரென்று முத்தமிட்டுக்கொள்கிறார்கள். சற்று முன்பு வரை ரத்தம் பார்க்க ஆரவாரம் செய்த கூட்டம் கொதித்துப்போகிறது. கூண்டை நோக்கி ஒரு நாற்காலி பறந்து வருகிறது.