வடசென்னைக்குப் புதுசா? அடிக்கடி ஒன்னுக்கு வந்தால் ‘சூடு’ என்று விட்டுவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்து தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீடு பிடித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை, அட்வான்ஸ், தண்ணி லாரி வரும் நேரம் எல்லாம் அக்கம்பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து ஒன்னுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். “தண்ணி மாறிப்போச்சுல்ல, சூடு புடிச்சிருக்கும். வெந்தயத்த ஊறவெச்சு குடி கண்ணு” என்பார் எதிர்வீட்டு ஆயா. அவர் அக்கறையில் குறையில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடக் கூடாது.

வெயிலில் வேர்த்துக் கொட்டும்போது உடம்பு தண்ணீரை மிச்சம் பிடிக்கும். சிறுநீர் குறையும், அடர் மஞ்சளாகும், சிலருக்கு எரிச்சலும் இருக்கும். கத்திரி வெயில் நேரத்திலும் ஒருவருக்கு நிறமே இல்லாமல் நிறையப் போகிறது, தாகமும் அடங்கவில்லை என்றால் அதை வெயில் தலையில் கட்ட முடியாது. மார்கழியில் வேர்வை குறைவதால் ஒன்றிரண்டு தடவை கூடப் போவது சகஜம்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடிக்கடி போகிறதா, இல்லை அளவே அதிகமாகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கி, லீவு நாளில் காலையில் முதல் தடவை போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் தடவை வரை ஒவ்வொரு முறையும் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். நாலு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை இருக்கும் வீட்டில் இது சங்கடம்தான். ஆனாலும் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 1 முதல் 2 லிட்டர் வரை இயல்பு. 3 லிட்டரைத் தாண்டினால் அதிகம்.

அளவு அதிகமென்றால் முதலில் பார்க்க வேண்டியது சுகர். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுசாகத் திரும்ப உறிஞ்ச முடியாது. சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. தாகமும் அசதியும் அதனால்தான். அந்தத் தாகத்துக்குக் கூல்டிரிங்க்ஸ் குடித்தால் சுகர் இன்னும் ஏறும். ஒன்னுக்கு வருகிறதே என்று தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வறண்டுபோகும். நாஷ்டாவுக்கு முன் வெறும் வயிற்றில் எடுக்கும் டெஸ்டில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரி (HbA1c) டெஸ்டில் 6.5 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அது சர்க்கரை நோய்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் காத்திருக்கவே வேண்டாம். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட குழந்தை மறுபடி நனைத்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, மெலிந்தும் போனால் அன்றைக்கே சுகர் பாருங்கள். கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருந்தால் உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உயிர்போகிற அவசரம் அது.

சுகர் சரியாக இருந்தும் லிட்டர் கணக்கில் போகிறதென்றால் பிபிக்கோ கால்வீக்கத்துக்கோ கொடுத்த நீர்மாத்திரை காரணமாகலாம். ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் அப்படிப் போகும். அரிதாக, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைவாலும் வரும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை, எரிச்சலோடு போனால் பெரும்பாலும் கிருமித்தொற்று. இதில் பெண்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். பொதுக் கழிப்பறைக்குப் போகத் தயங்கி, வேலையிடத்தில் வசதியில்லாமல், தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு பொழுதை ஓட்டுகிறார்கள். அக்கா, தங்கச்சி யாராக இருந்தாலும் சொல்கிறேன், அடக்காதீர்கள். காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். கர்ப்பமாக இருக்கும்போது அடிக்கடி போவது இயல்பென்றாலும் யூரின் டெஸ்டைத் தவறவிடாதீர்கள். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஐம்பது தாண்டிய அண்ணன்மாருக்கு நீர் மெதுவாக, சொட்டுச் சொட்டாக வந்தால், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். அடிவயிறு முட்டியும் ஒன்னுக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லையா, நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். ராத்திரி மட்டும் அதிகமாகப் போய், காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் பக்கத்திலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சுகரும் பிபியும் அங்கேயே பார்ப்பார்கள். அடுத்தது பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி ஆஸ்பத்திரி. சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் அங்கே தனித்தனிப் பிரிவு உண்டு. ஓபி (வெளிநோயாளி) சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். அளந்து எழுதிய தாள், ஊரில் கொடுத்த பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை மூன்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். எத்தனை லிட்டர், ராத்திரி எத்தனை தடவை, தாகம் உண்டா, எடை குறைந்ததா என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.