நீவலாம், முறுக்கக் கூடாது: வீட்டு மசாஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால் பிசகிவிட்டால் நம் வீடுகளில் முதல் வேலையாக எண்ணெயைச் சூடாக்குவார்கள். சுளுக்கு வழிக்கத் தெரிந்த ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். ஆனால் பிசகிய முதல் இரண்டு மூன்று நாளைக்கு அந்த இடத்தில் கையே வைக்கக் கூடாது. தசைநார் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சூடும் அழுத்தமும் வீக்கத்தைத்தான் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்திப் போட்டால் போதும். ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லையா, எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்பு விட்டிருந்தால் வழிப்பது முறிவை இன்னும் விலக்கிவிடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது முழங்கை. பிள்ளை விழுந்து, கட்டுப் போட்டு, பிரித்த பிறகு கை முழுசாக நீளாது. அது இயல்பு. பெரியவர்கள் பதறிப்போய், எண்ணெய் தடவி அழுத்தித் தேய்த்து, அழ அழக் கையைப் பிடித்து நீட்டுவார்கள். அடிபட்ட முழங்கையை இப்படிப் படுத்தினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கலாம். மருத்துவர்கள் இதை மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்பார்கள். கொஞ்சம் விறைப்பாக இருந்த கை அப்புறம் மடங்கவே மறுக்கும். அந்த மூட்டைப் பிள்ளையே, வலிக்காத அளவுக்கு, நாளுக்குப் பல தடவை மடக்கி நீட்டட்டும். அடுத்தவர் கை அதில் படவே வேண்டாம்.

சரி, காயம் எதுவும் இல்லை, அம்மாவுக்குக் கால் வலி, அவ்வளவுதான். அப்போது தாராளமாகப் பிடித்துவிடலாம். பாதத்திலிருந்து தொடை நோக்கி நீவுங்கள்; மேலே போகும்போது லேசான அழுத்தம், திரும்பி வரும்போது வெறும் தொடுதல். இப்படிச் சில நிமிடம் நீவிச் சதை இளகிய பிறகுதான் பிசைய வேண்டும். எடுத்த எடுப்பில் பிசைந்தால் தசை இறுகிக்கொள்ளும். சதை உள்ள இடத்தில் மட்டும் அழுத்துங்கள். முழங்கால் சில்லு, முதுகுத்தண்டின் முள் எலும்புகள், முழங்காலின் பின்குழி, அக்குள், கழுத்தின் முன்பக்கம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அந்தக் குழிகளிலும் கழுத்திலும் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் மேலாக ஓடுகின்றன.

“வலிச்சாத்தான் வேலை செய்யும்” என்ற நம்பிக்கை தவறு. மூச்சை அடக்குகிறாரா, கால்விரல்களை மடக்குகிறாரா என்று பாருங்கள்; அப்படியென்றால் அழுத்தம் மிஞ்சிவிட்டது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு வலியே தெரியாது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு எளிதில் கன்றிப்போகும். இவர்களிடம் பாதி அழுத்தம்கூட வேண்டாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடாதீர்கள். ஆபரேஷன் முடிந்தவருக்கும் நாள் கணக்கில் படுத்திருப்பவருக்கும் அது ஆழ்சிரையில் (காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில்) ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். தேய்த்தால் அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூட்டுகளை அசைத்துவிடும்போது பலரும் கணுக்காலைப் பிடித்து மொத்தக் காலையும் தூக்குவார்கள். ஒரு கை மூட்டுக்கு அருகில் தாங்க, இன்னொரு கை மெதுவாக அசைக்க வேண்டும். தடை தட்டுப்படும் இடத்தில் நின்று, சில விநாடி வைத்திருந்து, திரும்பிவிடுங்கள். பக்கவாதம் வந்தவரின் தோளுக்கு இன்னும் கவனம் வேண்டும். தோள் பந்தை இடத்தில் நிறுத்துவதே சுற்றியுள்ள தசைகள்தான். அவை தளர்ந்திருக்கும்போது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தால் பந்து குழியிலிருந்து இறங்கிவிடும். மாதக்கணக்கில் வலிக்கும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் கை கொடுத்து, உடம்போடு சேர்த்துத் தூக்குங்கள். கையைத் தலைக்கு மேல் ஏற்றும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் நேரில் காட்டித் தந்த பிறகு செய்யலாம்.

கடைசியாகக் கழுத்து. முடி வெட்டியபின் சலூனில் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பது பலருக்கும் பழக்கம். அந்தச் சத்தம் எதுவும் சரியானதற்கு அடையாளம் இல்லை. விரலில் சொடக்கு எடுக்கும்போது மூட்டுநீரில் வாயுக்குமிழி உருவாவதை 2015-இல் கனடா ஆய்வாளர்கள் எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். அங்கே எலும்பு எதுவும் இடம் மாறி அமரவில்லை. ஆனால் கழுத்தின் 7 முள்ளெலும்புகளில் மேலே உள்ள 6-இன் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் தமனி ஏறுகிறது. சட்டென்ற திருப்பலில் அதன் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் இளைஞர்களுக்கும் வந்திருக்கிறது, சில சமயம் சில நாள் கழித்தும் வரும். நெட்டி எடுத்தபின் புதிதாகக் கழுத்துவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழுத்தைத் திருப்பியதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.