குட்டி ஷாம்பு பாட்டிலுக்குப் பதில் சுவர் டிஸ்பென்சர்: 20 அறை லாட்ஜுக்கான செய்முறை

குளியலறையில் வைக்கும் குட்டி பாட்டில்களுக்கு உலகம் முழுக்க விடைகொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 50 அறைக்கு மேற்பட்ட ஓட்டல்களுக்கு 2023 ஜனவரி முதல் சட்டப்படியே தடை. சிறிய ஓட்டல்களுக்கு 2024 முதல். மேரியட் ஓட்டல் நிறுவனம் 2019இலேயே பெரிய பம்ப் பாட்டிலுக்கு மாறுவதாக அறிவித்தது. நம் ஊர் லாட்ஜுகளும் சுவரில் மாட்டும் பம்ப் பாட்டிலுக்கு (டிஸ்பென்சர்) மாறுகின்றன. ஆனால் பல இடங்களில் ஆறே மாதத்தில் பம்ப் அடைத்து, பாட்டில் பிசுபிசுத்து, பழைய சாஷேவுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் அளவு. 500 மி.லி. பாட்டில் லாபம் என்று கடைக்காரர் சொல்வார், 300 மி.லி. போதும். ஓர் அழுத்தலுக்கு 2 மி.லி., ஆளுக்கு இரண்டு அழுத்தல், அறைக்கு இரண்டு பேர் என்றால் நாளுக்கு 8 மி.லி. அறை தினமும் நிரம்பினாலே 300 மி.லி. ஒரு மாதத்துக்கு மேல் வரும். பெரிய பாட்டில் ஈரத்தில் மாதக்கணக்கில் நின்று கெடும். ஷாம்பு, கண்டிஷனர், பாடி வாஷ் என்று அறைக்கு மூன்று, ஆக 60. சுழற்சிக்கு இன்னும் 20 வாங்குங்கள். இந்த உபரியை மிச்சம் பிடித்தால் கீழே சொல்லும் கழுவும் வேலை நடக்கவே நடக்காது.

பாட்டிலைச் சுவரில் பிடிக்கும் பிராக்கெட் சாவி போட்டுத் திறப்பதாகப் பாருங்கள். மூடி கையால் திறந்தால் யாரோ எதையோ கலந்திருப்பார்களோ என்று விருந்தினர் சந்தேகப்படுவார். அது நியாயமான சந்தேகம்தான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும்.

மாட்டும் உயரம் தரையிலிருந்து 110 முதல் 120 செ.மீ. ஷவர் தண்ணீர் நேராக விழாத பக்கச் சுவர் நல்லது. நேராக விழுந்தால் பம்ப் வாய் வழியாகத் தண்ணீர் இறங்கும். ஷவர் குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், உள்ளே பைப் ஓடும். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் விரிசல் விடும், வேறு இடம் பாருங்கள். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லின் ஹேமரை அணைத்துவிட்டு, டைல்ஸ் பிட்டால் மெதுவாக 6 மி.மீ. துளை போடவும். விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் டைமண்ட் பிட் இல்லாமல் இறங்காது. ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகும் முன் துளையில் கொஞ்சம் சிலிக்கான் விட்டால் சுவருக்குள் நீர் கசியாது.

பழுதெல்லாம் நிரப்புவதில்தான். பாதி காலியான பாட்டிலில் மேலே மேலே ஊற்றக் கூடாது. அடியில் தங்கும் பழைய திரவத்தில் கிருமி வளரும், புதிதாக ஊற்றியதும் சேர்ந்து கெடும். இதைவிட மோசம் தண்ணீர் கலப்பது. பம்ப் சரியாக வரவில்லை என்று ரூம் பாய் ஒரு கை தண்ணீர் விடுவார். அதனால் ஷாம்புவைக் கெடாமல் காக்கும் மருந்தின் வீரியம் குறைந்துபோகும். சில நாளில் புளித்த வாடை வரும்.

கால் அளவுக்குக் கீழ் இறங்கிய பாட்டிலை அப்படியே கழற்றி, கழுவித் தயாராக உள்ள உபரியை மாட்டச் சொல்லுங்கள். கழற்றியதைக் காலிசெய்து வெந்நீரால் அலசி, லிட்டருக்கு 10 மி.லி. வீதம் 5% பிளீச் கலந்த நீரைப் பம்ப் வழியாகவும் அடித்து, 10 நிமிடம் விட்டு நன்றாக அலசவும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பம்ப் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். கழிவறை கழுவும் ஆசிட் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். பிளீச்சோடு கலந்தால் விஷவாயு வரும். கவிழ்த்து வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே நிரப்ப வேண்டும். மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். ஷாம்பு வந்த பெரிய கேனின் பேட்ச் எண், காலாவதித் தேதி, நிரப்பிய நாள் மூன்றையும் பாட்டில் அடியில் ஒட்டிவிடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் நுரை சரியாக வராது. விருந்தினர் ஷாம்புவைத்தான் குறை சொல்வார். மொத்தமாக வாங்குமுன் ஒரு லிட்டர் வாங்கி உங்கள் குழாய்த் தண்ணீரிலேயே தலைக்குத் தேய்த்துப் பாருங்கள்.

லேபிளில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் போடுங்கள். கண்ணாடி கழற்றிவிட்டுக் குளிப்பவருக்குக் கண்டிஷனரும் ஷாம்புவும் ஒன்றுதான். சோப்புக் கட்டியை மட்டும் நிறுத்தாதீர்கள். பாடி வாஷ் இருந்தாலும் சோப்பு எங்கே என்று ரிசப்ஷனுக்கு போன் வரும். 15 கிராம் கட்டி ஒன்று காகித உறையில் போதும்.