ராத்திரியில் நெஞ்சு எரிகிறதா? சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்குங்கள்

படுத்த அரை மணி நேரத்தில் நடுநெஞ்சு காந்தும், புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களிக்கும். என் அம்மாவுக்குப் பல வருடம் இந்த அவஸ்தை. காரத்தைக் குறைத்தார், புளியை நிறுத்தினார். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதை விட்ட பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்ளும். அது தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலே வரும். இரைப்பையின் உட்சுவர் அந்த அமிலத்தைத் தாங்கும், உணவுக்குழாயால் முடியாது. எரிவது அதுதான்.

படி 1: படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடியுங்கள். பத்தரைக்குத் தூக்கம் என்றால் ஏழரைக்குச் சாப்பாடு. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். எண்ணெய் அதிகமான உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அதனால் பரோட்டா, பிரியாணியெல்லாம் மதியத்துக்குப் போகட்டும்.

படி 2: கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்குவது வேண்டாம். உடம்பு இடுப்பில் மடங்கி வயிறுதான் அழுந்தும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும், அமிலம் மேலேறுவது குறையும்.

படி 3: இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எப்போது எரிந்தது. காபி, சாக்லேட், புதினா, தக்காளி, பொரித்த பலகாரம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பத்தியச் சோறு சாப்பிடத் தேவையில்லை.

படி 4: இடுப்பை இறுக்கும் உடை வேண்டாம். தொப்பை குறைந்தால் எரிச்சலும் குறையும். சிகரெட்டும் மதுவும் முன்பு சொன்ன வளையத் தசையைத் தளர்த்துபவை.

படி 5: மாத்திரை. ஆன்டாசிட் சிரப் ஏற்கெனவே சுரந்த அமிலத்தைத் தணிக்கும். ஒமிபிரசோல், பான்டோபிரசோல் சுரப்பதையே குறைக்கும். அவற்றைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுத்த மலம், ரத்த வாந்தி இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் "வெறும் கேஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வெறும் நெஞ்சுக்கரிப்பு போலவும் வரலாம். 108-ஐ அழையுங்கள். மருத்துவர் சோதித்துவிட்டு கேஸ்தான் என்று அனுப்பினால் அனுப்பட்டும்.