நோம்பி முடிஞ்சுதுங்க, இனி டயட்டுக்குத் திரும்புவது எப்படி?

ஆடிப் பதினெட்டுக்கு ஆரம்பித்துத் தட்டுத்தடுமாறி நாலு கிலோ குறைத்து வைத்திருந்தேன். தீபாவளி நோம்பிக்குக் கோபிசெட்டிபாளையத்தில் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போனேன். காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு, பதினோரு மணிக்கு எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயம், மத்தியானம் மறுபடியும் கறிச்சோறு, பொழுது சாய "ரெண்டே ரெண்டு ஒப்புட்டு தின்னு சாமி" என்று அமுச்சி வைத்தது நாலு. மறுநாள் திருப்பூர் வந்து எடை பார்த்தால் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. பயந்துபோய் அன்று முழுக்க வெந்நீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கை நடுங்க, அமுச்சி கொடுத்துவிட்ட பலகாரத் தூக்குப்போசியைத் திறந்து, சமையலறையில் நின்றபடியே ஏழு கச்சாயத்தை முடித்தேன். அதோடு அந்த வருஷ டயட்டும் முடிந்தது.

நீங்களும் முதல் தடவை டயட் இருப்பவர் என்றால் அந்த ஏழு கச்சாயம் உங்களுக்கு வேண்டாம். அதற்கப்புறம் நான் செய்துவருவது இதுதான்.

1. எடை மிஷினைப் பரண் மேல் போடுங்கள்

நாலு நாளைக்கு அது காட்டுகிற கணக்கு உதவாது. ஒரு கிலோ கொழுப்பு ஏற, உடம்பு செலவழிப்பதற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோ என்றால் 15,000-க்கு மேல். எங்கள் அமுச்சி எவ்வளவு வற்புறுத்தினாலும் ஒரே நாளில் அவ்வளவு தின்ன முடியாது. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீரும் வயிற்றில் இன்னும் கிடக்கிற சாப்பாடும்தான். சோறும் வெல்லமும் உடம்பில் கிளைக்கோஜனாக (உடம்பு சேமித்து வைக்கிற மாவுச்சத்து) சேரும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கறிக்குழம்பின் உப்பு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம். வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் அது தானாக இறங்கும்.

2. போசியை அன்றைக்கே காலி செய்யுங்கள்

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது நோம்பிச் சாப்பாடு இல்லை, அதற்கப்புறம் ஒரு வாரம் அடுப்பு மேடையில் உட்கார்ந்திருக்கிற போசிதான், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று கை தானாகப் போகும், கணக்கிலும் வராது. ஆசைக்கு நாலு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை விநியோகம் செய்துவிடுங்கள். லீவு முடிந்து பனியன் கம்பெனி திறக்கிற அன்று டீ நேரத்தில் கட்டிங் டேபிள் ஓரத்தில் முறுக்கையும் கச்சாயத்தையும் வைத்தேன், பத்து நிமிஷத்தில் அடியில் எண்ணெய் மட்டும்தான் மிஞ்சியது.

மிஞ்சிய கறிக்குழம்பைக் கொட்ட மனசு வராது, கொட்டவும் வேண்டாம். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், மேலே வெள்ளையாக ஆடை மாதிரி கொழுப்பு உறைந்திருக்கும். கரண்டியால் வழித்துப் போட்டுவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி கொழுப்பே 100 கலோரியைத் தாண்டும், நான் வழித்தது மூன்று இருக்கும். கறித்துண்டுகளைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

3. பட்டினி கிடக்காதீர்கள்

வழக்கமான நேரத்துக்கு வழக்கமான சாப்பாடு, அவ்வளவுதான். காலையில் மோர் விட்டுக் கரைத்த கம்மங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மத்தியானம் கொள்ளுப் பருப்பு கடைந்து, வட்டலில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் அவரைக்காய்ப் பொரியலோ கீரைக் கடைசலோ. ராத்திரி கொள்ளு ரசமும் ஒரு முட்டையும்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம்மூரில் அடித்துச் சொல்வார்கள், ஆனால் கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நம்பி மூன்று டம்ளர் ரசம் குடிக்க வேண்டியதில்லை. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது. வயிறு சீக்கிரம் நிறையும், அடுத்த பசி தள்ளிப்போகும், அது போதும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒரு வேளைகூடத் தள்ளிப்போடக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வந்துவிடலாம். சாப்பாட்டில் எதை மாற்றுவதென்றாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

4. நடங்கள், ஓட வேண்டாம்

தின்றதைக் கழிக்கிறேன் என்று மறுநாள் விடிகாலையில் பத்து கிலோமீட்டர் ஓடி முட்டியைக் கெடுத்துக்கொண்ட ஆட்களை எனக்குத் தெரியும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் தெருவில் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும்.

5. ஐந்தாம் நாள் மிஷினை இறக்குங்கள்

காலையில் எழுந்து வெளிக்குப் போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில், எப்போதும் போடுகிற அதே உடுப்பில் ஏறுங்கள். போன தீபாவளிக்கு எனக்கு அரைக் கிலோதான் நின்றது, பத்து நாளில் அதுவும் போனது. அரைக் கிலோ கூடவே நின்றாலும் சோற்றை இன்னும் குறைக்காதீர்கள், இதே சாப்பாட்டைத் தொடர்ந்துவிட்டு அடுத்த வாரம் பாருங்கள்.

அப்புறம், போசியை அமுச்சிக்கு வெறுமனே திருப்பித் தரக் கூடாது அல்லவா? நான் கொய்யாக்காய் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே போசி நிறைய நிலக்கடலை உருண்டையோடு வந்து சேர்ந்தது. இரண்டாம் நம்பரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன்.