மடக்குப் படகை முதல் தடவை தண்ணீரில் விடும்போது

பெட்டியின் மேல் "10 நிமிடத்தில் தயார்" என்று போட்டிருப்பார்கள். அது ஏற்கெனவே இருபது தடவை மாட்டிக் கழற்றியவருக்கு ஆகிற பத்து நிமிடம். எனக்கு முதல் தடவை ஐம்பது நிமிடம் ஆனது, அதில் பாதி நேரம் அடித்தட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டு ஏன் பொருந்த மாட்டேன் என்கிறது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அதனால் முதல் தடவை தண்ணீர்க் கரைக்குக் கொண்டுபோய்ப் பிரிக்காதீர்கள். வீட்டிலேயே இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

காற்றடைக்கிற படகு என்றால் வால்வைக் கவனியுங்கள். நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன ஊசி இருக்கும். அது அழுந்திய நிலையில் இருந்தால் வால்வு திறந்திருக்கிறது, எழும்பி நின்றால் மூடியிருக்கிறது. அழுந்திய நிலையிலேயே கால் மணி நேரம் பம்ப் அடித்துவிட்டு ஹோஸைப் பிடுங்கினால் புஸ்ஸென்று அத்தனை காற்றும் முகத்தில் அடிக்கும். எல்லோரும் ஒரு தடவை இதைச் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொள்கிறோம். எவ்வளவு அழுத்தம் என்பது படகிலேயே அச்சிட்டிருக்கும். பக்கவாட்டுக் குழாய்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 பிஎஸ்ஐ போதும். உள்ளே ஏராளமான நூல்களால் மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கெட்டி அடித்தட்டு என்றால் அதைவிடப் பல மடங்கு கேட்கும், அப்போதுதான் பலகை மாதிரி நிற்கும். அடித்தட்டுக்குச் சொன்னதைப் பக்கவாட்டுக் குழாயில் அடித்தால் தையல் விட்டுவிடும். காற்றடைத்த பிறகு வால்வைச் சுற்றியும் ஒட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை குமிழ் விடுகிறதா என்று பாருங்கள்.

தகடாக மடங்கும் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகிலும், சட்டத்தின் மேல் துணி போர்த்தும் வகையிலும் வேறு கவலை. அதில் காற்றறை இல்லையென்றால், தண்ணீர் புகுந்ததும் படகு பாரமாகி அமிழ ஆரம்பிக்கும். இரண்டு முனையிலும் காற்றுப் பைகளைத் திணித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி இந்த வகைப் படகைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் கிளெப்பர் என்ற நிறுவனத்தார் 1907லேயே விற்கத் தொடங்கிவிட்டார்கள். 1956இல் ஹான்னஸ் லிண்டெமான் என்ற மருத்துவர் அவர்களுடைய மடக்குப் படகு ஒன்றில் 72 நாளில் அட்லாண்டிக்கையே தாண்டினார். வழியில் கவிழ்ந்தும் போனார், பிழைத்தார்.

சரி, தண்ணீருக்கு வருவோம். அலையில்லாத ஏரி, இடுப்பளவு ஆழம், உறுதியான தரை, கூட ஒரு ஆள். ஓடுகிற ஆறும் கடலும் இப்போதைக்கு வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள், தண்ணீரிலிருந்து கரையை நோக்கி அடித்தால் நல்லது. கரையிலிருந்து உள்ளே தள்ளும் காற்றுதான் மோசம், ஏனென்றால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், தைரியமாகப் போவீர்கள், கொஞ்ச தூரம் போனதும் இந்த லேசான படகைச் சருகு மாதிரி தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரத் தோள் கழன்றுவிடும். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைப்பதில் பிரயோஜனமில்லை, மாட்டிக்கொள்ள வேண்டும். ஜாக்கெட்டின் தோள் பக்கத்தைப் பிடித்து மேலே இழுக்கக் கூட வந்தவரிடம் சொல்லுங்கள், ஜாக்கெட் காதுவரை ஏறினால் பட்டையை இறுக்குங்கள்.

ஏறும்போது படகு முழுவதும் மிதக்க வேண்டும். பாதி கரையில் கிடக்கும்போது ஏறி உட்கார்ந்தால் சட்டம் வளையும், அடிப்பக்கம் தேயும். முழங்கால் ஆழத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, முதலில் நட்ட நடுவில் உட்காருங்கள், அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே. எழுந்து நிற்கவே கூடாது.

உடனே துடுப்பு போடாதீர்கள். இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, எவ்வளவு சாய்ந்தால் பயமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கழித்து கையால் குழாய்களை அழுத்திப் பாருங்கள், தளர்ந்திருக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீரின் குளிர்ச்சியில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கியிருக்கலாம், கொஞ்சம் அடித்துக்கொள்ளலாம். ஆனால் கரைக்கு இழுத்ததும் வெயிலில் அப்படியே போட்டுவிடாதீர்கள், அதே காற்று சூடாகி விரிந்து ஒட்டைப் பிளந்துவிடும். கொஞ்சம் திறந்துவிடுங்கள். துடுப்பு போடும்போது படகு நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பின்பக்கம் அடியில் மாட்டும் ஃபின் என்ற தகடு பையிலேயே கிடக்கிறதா என்று தேடுங்கள். உள்ளே தண்ணீர் தெரிந்தால் அது துடுப்பிலிருந்து சொட்டியதாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு, துடுப்பைத் தொடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள், மறுபடி தேங்கினால் கசிவுதான்.

கடைசியாக, வேண்டுமென்றே கவிழுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் அன்றைக்கு வந்ததே இதற்காகத்தான். நிமிர்த்துங்கள், காலை உதைத்து உடம்பை நீட்டி, வயிற்றை விளிம்பில் போட்டு உள்ளே சறுக்குங்கள். எனக்கு நான்காவது தடவைதான் வந்தது. உங்களுக்கு வரவேயில்லை என்றால் எழுந்து நிற்க முடிகிற ஆழத்தைத் தாண்டி இன்னும் போகாதீர்கள்.

மடிக்கும் முன் மடிப்புகளில் சிக்கிய மணலைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை பிரிக்கும்போது பூஞ்சை நாற்றம் வரும். பைக்குள் நுழைய மறுத்தால் பையைத் திட்டாதீர்கள், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. பம்ப் ஹோஸை உறிஞ்சும் துளையில் மாட்டி மிச்சத்தையும் இழுத்துவிட்டு மறுபடி சுருட்டுங்கள்.