அயர்லாந்துப் பூர்வீக வீட்டைப் பழைய ஆவணங்களில் தேடுவது எப்படி?

பெரம்பூரில் எனக்கு ஓர் ஆங்கிலோ இந்திய நண்பர் உண்டு. அவருடைய முன்னோர்களில் ஒருவர், மெட்ராஸுக்கு வந்த ஐரிஷ் சிப்பாய். "கார்க் பக்கம் ஏதோ கிராமம்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவருக்காகத் தேடப்போய் நான் கற்றுக்கொண்டது இது.

படி 1: டவுன்லேண்ட் பெயரைப் பிடியுங்கள்

அயர்லாந்தில் 32 கவுன்டிகள், நம் மாவட்டம் போல. கவுன்டிக்குள் பாரனி, அதற்குள் பாரிஷ், அதற்குள் டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் இது ஊர் அல்ல, சில நூறு ஏக்கர் நிலப்பரப்பு. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கிராமத்து வீடுகளுக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் கிடையாது, டவுன்லேண்ட்தான் விலாசம். இது தெரியாமல் குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கார்க் கவுன்டியில் சல்லிவன் என்ற பெயர்க்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இந்தப் பெயர் பெரும்பாலும் அயர்லாந்துக்கு வெளியேதான் கிடைக்கும்: கல்லறைக் கல், திருமணப் பதிவு, பழைய கடிதம். சிப்பாய் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பணியிலிருந்து விடுவித்த தாளைத் தேடுங்கள். எந்தப் பாரிஷில், எந்த ஊருக்கு அருகில், எந்தக் கவுன்டியில் பிறந்தார் என்று அதில் எழுதியிருப்பார்கள். எங்களுக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். லோகைன்ம் என்ற இலவச இணையதளத்தில் ஐரிஷ் வடிவத்தோடு ஒப்பிடலாம். பாலி என்று தொடங்கினால் பெரும்பாலும் குடியிருப்பு, கில் என்றால் பெரும்பாலும் தேவாலயம், நாக் என்றால் குன்று. ஒரே பெயர் பல இடங்களில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். நம் கால்டுவெல் 1814-ல் பிறந்தது ஆன்ட்ரிம் கவுன்டியின் கிளேடியில். டைரோனிலும் ஒரு கிளேடி இருக்கிறது, லண்டன்டெரியிலும் இருக்கிறது.

படி 3: கிரிஃபித் மதிப்பீடு

1922-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் நடந்த சண்டையில் ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பகுதி சாம்பலாகின. அதனால் 1847-க்கும் 1864-க்கும் இடையில் வரிக்காக ரிச்சர்ட் கிரிஃபித் எடுத்த மதிப்பீடுதான் நமக்குக் கதி. நம் ஊர் அடங்கல் போல நினைத்துக்கொள்ளுங்கள்: யார் கையில் நிலம், யார் குத்தகைக்கு விட்டவர், என்ன இருக்கிறது, எவ்வளவு பரப்பு, என்ன மதிப்பு. 'ஆபீசஸ்' என்று இருந்தால் அலுவலகம் என்று எண்ணிவிடாதீர்கள். அது மாட்டுக்கொட்டகையும் களஞ்சியமும்!

ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் இது வரைபடத்தோடு இலவசம். முதல் பத்தியில் உள்ள எண்தான் சாவி. சர்வே எண்ணும் உட்பிரிவும் மாதிரிதான். 5 என்பது பண்ணை. அது இரண்டு துண்டாகக் கிடந்தால் 5ஏ, 5பி என்று பெரிய எழுத்து. அதற்குப் பின்னால் வரும் சின்ன எழுத்து வீட்டைக் குறிக்கும். அந்தச் சின்ன எழுத்து வரைபடத்தில் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் அடுப்பு எரிந்தது.

ஒரு எச்சரிக்கை. தளத்தில் உள்ள வரைபடம் சில இடங்களில் மதிப்பீட்டுக்குப் பிந்தியது. எண் பொருந்தாவிட்டால் பரப்பளவை வைத்து ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால், பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரைப் போட்டுப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அந்த அப்பா பெயர் கிடைத்தால் ஒரு தலைமுறை இலவசம்.

படி 4: முன்னும் பின்னும் தொடருங்கள்

1845-ல் தொடங்கிய பஞ்சத்தில் குடும்பம் கிளம்பிப் போயிருந்தால் கிரிஃபித்தில் இருக்காது. அப்போது 1823 முதல் 1837 வரையிலான, தேவாலயத்துக்குக் கட்டிய தசமபாக வரிப் புத்தகங்களைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர். நம் ஏக்கரைப் போல 1.62 மடங்கு. கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகள் அயர்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பங்கின் எல்லை வேறு, நிலக்கணக்குப் பாரிஷின் எல்லை வேறு. நான் இதில் ஒரு வாரம் வீணாக்கினேன்.

முழுதாகப் பிழைத்தவை 1901, 1911 கணக்கெடுப்புகள். அதில் பி1 படிவத்தைத் திறந்தால் கூரை ஓலையா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்பது வரை இருக்கும். அதிலுள்ள வீட்டு எண் கணக்கெடுத்தவர் போட்ட வரிசை எண். கிரிஃபித் எண்ணோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவது மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்கள். நிலம் கைமாறியபோதெல்லாம் பழைய பெயரை வண்ண மையால் அடித்துப் புதுப் பெயர் எழுதியிருப்பார்கள். வட அயர்லாந்துக்கானவை பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத் தளத்திலேயே கிடைக்கின்றன.

படி 5: நேரில் போகும்போது

பழைய வரைபடத்தின் அந்தப் புள்ளியைச் செயற்கைக்கோள் படத்தில் குறித்து எடுத்துக்கொள்ளுங்கள். வீடு இருக்கலாம், பல இடங்களில் நான்கு கற்சுவரும் முட்புதரும்தான். டவுன்லேண்ட் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொல்லி அக்கம்பக்கத்து வயசானவர்களிடம் கேளுங்கள். நிலம் இப்போது வேறொருவருடையது, அதனால் அனுமதி வாங்கிய பிறகே உள்ளே போங்கள். அப்புறம், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டு வாருங்கள். உள்ளே மாடு மேயும்.